பதினான்காம் கூடத்து நாற்காலி

வெர்லீன் மேப் அந்த மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்த இருபத்து மூன்றாவது வருஷத்தில்தான் முதன்முறையாக அங்கே உட்கார்ந்தாள். அதைப் பார்க்க எழுபது பேர் கூடியிருந்தார்கள். அதில் மூன்று பேர் அழுதார்கள்.

அடித்தளத்துச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்ததை இதில் சேர்க்கவில்லை. அங்கே படம் எதுவும் மாட்டவில்லை என்பதால் அதை மியூசியம் என்று யாரும் சொல்வதில்லை.

அதற்கு முந்தின வருஷங்களில் அவள் நின்றதைப் பார்க்க யாரும் வந்ததில்லை. பால்டிமோரின் மேற்குப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, எட்டே முக்காலுக்குள் வந்து, நீலக் கோட்டை மாட்டி, பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை நெஞ்சில் குத்திக்கொண்டு, பதினான்காம் கூடத்தின் வாசல் மூலையில் போய் நிற்பாள். சாயங்காலம் ஐந்து மணிவரை நிற்பாள். சுவரில் சாயக்கூடாது, கையைக் கட்டக்கூடாது, படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக்கூடாது. கழிப்பறை எங்கே என்று கேட்டால் சொல்லலாம். ஒரு நாளைக்கு நாற்பது பேராவது கேட்பார்கள். அவளிடம் வேறு எதுவும் அதிகமாகக் கேட்டதில்லை.

கூடங்களில் நிற்கிற முப்பத்தொரு காவலர்களில் இருபத்தொன்பது பேர் கறுப்பர்கள். மேல்மாடி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற முப்பது பேரில் இரண்டு பேர் கறுப்பர்கள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று மியூசியம் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. அந்த அறிக்கையை எழுத ஒரு குழு ஒன்பது மாதம் உட்கார்ந்தது.

பதினான்காம் கூடத்தின் பெரிய சுவரை ஒரே ஓவியம் அடைத்துக்கொண்டிருக்கும். பழைய காலத்துப் புகையிலைத் தோட்டக்காரர் குடும்பம். அப்பா, அம்மா, மூன்று மகள்கள், காலடியில் ஒரு வேட்டை நாய். வலது ஓரத்து இருட்டில், பீச் பழத்தட்டை ஏந்தியபடி ஒரு கறுப்புப் பெண் நிற்கிறாள். பக்கத்து விளக்க அட்டையில் ஐந்து பேர் பெயரும் இருக்கிறது. நாயின் பெயர் கேப்டன் என்றும் இருக்கிறது. தட்டு ஏந்தியவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாய் என்ன ஜாதி என்று வருஷத்துக்கு இருபது பேர் வெர்லீனிடம் கேட்பார்கள்.

வெர்லீன் அந்தப் பெண்ணுக்குத் தானாக ஒரு பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்க நாம் யார் என்று விட்டுவிட்டாள். "நானும் அந்தப் பொம்பளையும்" என்று மட்டும் வீட்டில் சொல்வாள். இரண்டு பேரில் யாருக்கு முட்டி வலிக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையும் நிற்பதுதான் அவள் வேலை. லிட்டில் எலிம் பாப்டிஸ்ட் சபையில் அவள் அஷர். வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையும் போட்டு, வருகிறவர்களை இடம்பார்த்து உட்கார வைப்பதுதான் அஷரின் ஊழியம். பதினான்கு வருஷமாக அஷர் சங்கத்துக்குத் தலைவியும் அவள்தான். போதகர் ஜெபத்தில் இருக்கும்போது அஷர்கள் வாய் திறக்க மாட்டார்கள், எல்லாம் கைச்சாடைதான். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்தால் பணியில் இருக்கிறேன் என்று அர்த்தம். விரலை நிமிர்த்தினால் அந்த வரிசையில் அத்தனை இடம் காலி. வலது உள்ளங்கையை இடது தோளில் வைத்தால், என்னால் முடியவில்லை, வந்து என்னை மாற்று என்று அர்த்தம். கடைசிச் சாடையை யாரும் சும்மா காட்ட மாட்டார்கள். காட்டினால் எவனாக இருந்தாலும் வந்துதான் ஆக வேண்டும்.

பதின்மூன்றாம் கூடத்தில் நிற்கிற லானி கேஸ்கின்ஸும் அதே சபையில் அஷர். அதனால் இரண்டு பேரும் மியூசியத்திலும் வாக்கி-டாக்கியைத் தொடுவதில்லை. அதில் பேசினால் காவல் தலைவர் ப்ரூயிட் காதில் விழும். இரண்டு கூடத்துக்கும் நடுவில் இருந்த திறந்த வாசல் வழியாகச் சாடையிலேயே பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

ஒரு ஸ்டூல் வேண்டும் என்று வெர்லீன் நான்கு தடவை எழுதிக் கொடுத்திருந்தாள். நான்காவது தடவை டாக்டர் கடிதமும் வைத்தாள். இடது முட்டியில் சவ்வு தேய்ந்துவிட்டது, நாள் முழுக்க நிற்கக்கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். ப்ரூயிட்டும் கறுப்பர்தான், அவள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி வளர்ந்தவர்தான், ஆனால் ராணுவத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். உட்கார்ந்த காவலரைப் பார்த்தால் காவல் இருக்கிற மாதிரித் தெரியாது என்பது அவர் கட்சி.

"மிஸ் வெர்லீன், உங்களுக்கு ஒண்ணு குடுத்தா மத்த முப்பது பேரும் வந்து கேப்பாங்க."

"கேக்கட்டுமே. அவங்களுக்கும் முட்டி இருக்குல்ல?"

விதியில் இடமில்லை, கால் முடியாவிட்டால் வேலையை விட்டுவிடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று அவர் பதில் எழுதினார். இன்னும் மூன்று வருஷம் தாக்குப்பிடித்தால் முழு ஓய்வூதியம். வெர்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இந்த நிலைமையில்தான் சாப்ரா டாலிவர் வந்தாள். டெட்ராய்ட்டில் பிறந்து நியூயார்க்கில் பெயர் வாங்கிய நிகழ்த்துகலைஞர். நாற்பத்தைந்து வயது, மொட்டைத்தலை, பெரிய கண்ணாடி. கறுப்பர் என்ற அடையாளத்தைப் பற்றி இந்த மியூசியத்திலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளை அழைத்திருந்தார்கள். அழைத்தது கண்காட்சிப் பொறுப்பாளர் ஹாலிஸ் ட்ராட்மன். ஹாலிஸ் நல்ல மனசுள்ள வெள்ளைக்காரப் பெண், அதில் சந்தேகமே இல்லை. இந்தக் கதையில் வருகிற தொல்லையில் பாதி அந்த நல்ல மனசால் வந்ததுதான்.

சாப்ரா ஒரு வாரம் அடித்தளத்தில் காவலர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். கேஸ்கின்ஸ் வாங்கி வந்த பொரித்த மீனை விரல் எரிய எரியத் தின்றுகொண்டே, மேலே எதில் உட்காருவீர்கள் என்று கேட்டாள். மேலே உட்கார மாட்டோம் என்றார்கள். அவள் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த ஒரு வரிதான் பிறகு ஐந்து வாரத்துக்குக் கலையானது.

நிகழ்ச்சியின் பெயர் 'பணி நேரம்'. பெரிய ஓவியத்துக்கு முன்னால், அதற்கு முதுகு காட்டி ஒரு நாற்காலி. காவலர் யூனிஃபார்மில் சாப்ரா அதில் அசையாமல், பேசாமல், திறந்தது முதல் மூடுவது வரை உட்கார்ந்திருப்பாள். பார்க்க வருகிறவர்கள் எதிரில் நின்று அவள் கண்ணைப் பார்க்கலாம். சுவரில் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு விளக்கம் ஒட்டியிருந்தது: கறுப்பு உடல், பார்வை, அதிகாரம், கண்ணுக்கு மறைந்துபோதல். வெர்லீன் இரண்டு தடவை படித்தாள். தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று இரண்டாவது தடவையில் புரிந்தது.

நாற்காலியும் சாதாரண நாற்காலியாக இருக்கக்கூடாது, நம் ஜனங்கள் உட்கார்ந்து தேய்ந்ததாக இருக்க வேண்டும் என்று சாப்ரா கேட்டிருந்தாள். கேஸ்கின்ஸ் லிட்டில் எலிம் சபையின் விருந்துக் கூடத்திலிருந்து சாம்பல் நிற இரும்பு மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தான். சாவு விருந்திலும் மீன் விருந்திலும் இருபத்தைந்து வருஷம் உழைத்த நாற்காலி. முதுகுப் பக்கம் அச்சுத்தகடு வைத்து வெள்ளைப் பெயிண்டில் 'லிட்டில் எலிம், அஷர் சங்கம், 61' என்று எழுதியிருந்தது. முதலில் சங்கத் தலைவியிடம் கேட்டான். அஷர் நாள் விருந்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் வெர்லீன் கொடுத்தாள்.

ஆக, வெர்லீனின் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, வெர்லீன் சங்கத்து நாற்காலியில் சாப்ரா உட்கார்ந்தாள். அவளை யாரும் தொட்டுவிடாமல் வெர்லீன் நின்று காவல் காத்தாள்.

கூட்டம் வரிசை கட்டியது. இருபத்து மூன்று வருஷமாக வெர்லீனைக் கதவுக் கைப்பிடியைப் போலக் கடந்து போனவர்களேதான். அதே நீலக் கோட்டுக்கு முன்னால் நின்று உதடு துடித்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள். முத்துமாலை போட்ட ஒரு கிழவி பத்து நிமிஷம் சாப்ராவின் கண்ணைப் பார்த்துத் தேம்பிவிட்டு, கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்து, வெர்லீன் பக்கம் திரும்பிக் கழிப்பறை எங்கே என்று கேட்டாள். வெர்லீன் சொன்னாள்.

முதல் வாரக் கடைசியில் கூடம் காலியானதும் சாப்ரா கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, தான் உட்கார்ந்திருக்க வெர்லீன் நிற்பது சங்கடமாக இருக்கிறது என்று சொன்னாள்.

"நீங்க உக்காந்தா நான் நிக்கணும்னு எழுதியிருக்கும்மா," என்றாள் வெர்லீன். "நீங்க உக்காரலேன்னாலும் நிக்கணும்னுதான் எழுதியிருக்கு."

ஒன்பதாம் நாள் காலையில் சாப்ராவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நாள் பூராவும் அசையாமல் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு என்ன ஆகும். கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை என்று ஹோட்டலிலிருந்து போன் செய்தாள். கீழே வாசலில் எழுபது பேர் சீட்டோடு காத்திருந்தார்கள். ஹாலிஸுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. யாரையாவது உட்கார வையுங்கள், உண்மையான காவலராக இருந்தால் இன்னும் நல்லது என்று சாப்ராவே போனில் சொன்னாள்.

ப்ரூயிட் வெர்லீனிடம் வந்து, போய் உட்காரச் சொன்னார்.

"உக்கார விதியில இடமில்லியே சார்," என்றாள் வெர்லீன். "எழுதிக் குடுங்க."

அவர் முறைத்தார். பிறகு கையில் வைத்திருந்த விதிப்புத்தகத்தின் தாள் ஒன்றைக் கிழித்து அதிலேயே 'கலை நிமித்தமாக உட்கார அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வெர்லீன் அதை நான்காக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அந்த முதல் ஒரு மணி நேரத்தை அவள் சாகிறவரை மறக்க மாட்டாள். முட்டியிலிருந்து பாரம் இறங்கி, இடுப்பு இறங்கி, தோள் இறங்கியது. எதிரில் நின்றவர்கள் அவள் முகத்தை ஆழமாகப் பார்த்தார்கள். அவளுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை, உட்கார்ந்திருக்கிறோம் என்ற சந்தோஷம் அவ்வளவு பெரிதாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் தட்டு ஏந்தியவள் இன்னும் நின்றுகொண்டிருப்பாள் என்பது மட்டும் ஒரு நிமிஷம் உறுத்தியது.

மூன்றாவது மணியில் தேய்ந்த முட்டி மடங்கியபடியே இறுகிக்கொண்டது. அதோடு காலையில் குடித்த காபியும் வேலையைக் காட்டியது. நடுவில் எழுந்து போவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் வலது உள்ளங்கையை இடது தோளில் வைத்தாள். அவள் இடத்தில் காவல் நின்ற கேஸ்கின்ஸ் பார்த்தான். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, சபையில் நடக்கிற அதே நடையில், குறுக்கே வராமல் சுவரோரமாக நடந்து மூலையில் திரும்பி வந்து, முன்கையை நீட்டினான். அதைப் பிடித்து அவள் எழுந்தாள். அவன் உட்கார்ந்தான். அவள் கூட்டத்தின் நடுவே மெதுவாக நடந்து வெளியே போனாள்.

தாடிக்காரர் ஒருவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இன்னும் இரண்டு பேர் அவரைப் பார்த்து அழுதார்கள்.

மறுநாள் பத்திரிகையைக் கேஸ்கின்ஸ் அடித்தளத்தில் சத்தமாகப் படித்தான். "'மூதாதையர் சுமந்த பாரத்தை ஒரு கையசைவில் தோளிலிருந்து இறக்கிவைத்தார்'னு போட்டிருக்கான், சிஸ்டர் மேப்."

"ஒண்ணுக்கு வந்துச்சு, கேஸ்கின்ஸ்," என்றாள் அவள்.

சாப்ரா முதுகுப்பட்டை கட்டிக்கொண்டு வந்து, மியூசியம் அன்று எடுத்திருந்த காணொளியைப் பார்த்தாள். இனி தான் உட்கார்ந்தால் பொய்யாக இருக்கும், மீதி நாட்களுக்கும் வெர்லீனே உட்கார முடியுமா, அந்தச் சாடையையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அதட்டாமல், கெஞ்சாமல், முறையாகத்தான் கேட்டாள். உட்காரச் சொல்லி ஒருவர் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல வெர்லீனுக்கு வாய் வரவில்லை. சாடைக்கு நேரம் குறித்தார்கள். காலை பதினொன்று இருபது, மதியம் இரண்டு நாற்பது. கூட்டம் இரண்டு மடங்கானது. சில நாள் கேஸ்கின்ஸ் உடனே போகாமல் கொஞ்சம் நின்றால் அந்தக் காத்திருப்பை ஜனங்கள் உணர்வார்கள் என்று ஹாலிஸ் ஒரு யோசனை சொன்னாள். கேஸ்கின்ஸும் சில நாள் கொஞ்சம் நின்றான்.

கடைசி வாரத்தில் ஹாலிஸ் தாழ்வாரத்தில் வெர்லீனைப் பிடித்து, முகமெல்லாம் சிரிப்பாக ஒரு செய்தி சொன்னாள். 'பணி நேரம்' மியூசியத்தின் நிரந்தரச் சேகரிப்பில் சேர்கிறது. நாற்காலியை ஓர் அடி உயர மேடையில் ஏற்றிச் சுற்றிலும் கயிறு கட்டப்போகிறார்கள். பக்கத்தில் காணொளி ஓடும்.

"நீங்க இனிமே எப்பவும் இங்கேயே இருப்பீங்க, மிஸ் மேப்."

"அப்ப நான் எங்க இருப்பேன்?"

"உங்க பழைய இடத்துலதான்," என்றாள் ஹாலிஸ். கேட்டது எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

அன்று மாலை வெர்லீன் ஐந்தாவது தடவையாக ஸ்டூல் கேட்டு எழுதினாள். உட்காரக் கொடுத்த அனுமதி கலைக்கு மட்டும்தான், கலை சனிக்கிழமை ஐந்து மணியோடு முடிகிறது என்று ப்ரூயிட் பதில் எழுதினார். அடுத்த நாள் ஞாயிறு, லிட்டில் எலிமில் அஷர் நாள் விருந்து.

சனிக்கிழமை கூடத்தில் நூற்றைம்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். அறங்காவலர்கள் முன்வரிசையில். மதியம் ஒன்று பத்துக்கு வெர்லீனின் முட்டி பூட்டிக்கொண்டது. முன்பு இறுகினது மாதிரி இல்லை, கத்தியை விட்டுத் திருகின மாதிரி. நேரம் ஆகவில்லை என்று அவளுக்கும் தெரியும். உள்ளங்கையைத் தோளில் வைத்தாள்.

கேஸ்கின்ஸ் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று பத்து. வாசலில் நின்ற ஹாலிஸைப் பார்த்தான். இது புதிதாக இருக்கிறதே என்று கண் விரிந்து நின்ற ஹாலிஸ், பொறு என்று விரலை உயர்த்தினாள். அவன் பொறுத்தான்.

வெர்லீன் மறுபடியும் வைத்தாள். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நூற்றைம்பது ஜோடிக் கண்கள் இமைக்காமல், மரியாதையோடு, இரக்கத்தோடு அவளைப் பார்த்தன. ஒருவரும் வரவில்லை.

வலி அவளுக்குப் பழக்கம். அன்று வந்தது அவமானம். முப்பது வருஷத்தில் அந்தச் சாடை ஒரு தடவையும் பொய்த்ததில்லை. அவள் புருஷனின் அடக்க ஆராதனையில், பெட்டியை மூடுகிற நேரத்தில் அவள் கை தோளுக்குப் போனது, கேஸ்கின்ஸ் அந்த நிமிஷமே பக்கத்தில் வந்து நின்றான். அதை இவர்கள் எடுத்து நேரம் குறித்து வைத்துக்கொண்டார்கள். கொடுத்தது தான்தான் என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது.

"கேஸ்கின்ஸ்," என்றாள் வாய்விட்டு. "என் முட்டி பூட்டிக்கிச்சு."

அப்போதும் அவன் ஒரு விநாடி ஹாலிஸைத் திரும்பிப் பார்த்தான். பிறகுதான் ஓடி வந்தான், அஷர் ஒருநாளும் செய்யாதபடி கூடத்துக்குக் குறுக்கே விழுந்தடித்துக்கொண்டு. நீட்டிய கையை அவள் தொடவில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துத் தானாக எழுந்தாள். ஒற்றைக் காலில் நின்று, மற்றதை உதறி உதறி வழிக்குக் கொண்டுவந்தாள். அப்புறம் நாற்காலியை மடக்கினாள். இரும்பு டொக்கென்று அடித்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரமாக நடந்து, மூலையில் திரும்பி, வெளியே போனாள்.

பின்னால் கைத்தட்டல் எழுந்து அடங்கவே நேரமாயிற்று.

படிக்கட்டருகே ஹாலிஸ் மூச்சு வாங்க வந்து பிடித்தாள். அற்புதமாக இருந்தது, கண்கலங்கிவிட்டது, ஆனால் பொருளை எடுத்துப் போகக்கூடாது என்றாள். பொருள் என்றது நாற்காலியை. சேகரிப்பில் சேர்ந்த பொருளைக் கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

வெர்லீன் நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டினாள். "படிங்க."

ஹாலிஸ் படித்தாள்.

"நாளைக்கு விருந்து. எண்பத்துநாலு நாற்காலி வேணும். இது இல்லாட்டா ஒருத்தர் நின்னுக்கிட்டே சாப்பிடணும்," என்றாள் வெர்லீன். "அஷர் சங்கத் தலைவி நான்தான். இதை உங்களுக்கு யாரு குடுத்தா?"

அந்தப் புகையிலைக் குடும்பத்து ஓவியம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒன்பது கைமாற்றங்களைத் தேதியோடு சொல்லத் தெரிந்த மியூசியம் அது. ஓவியத்தின் சட்டம் எந்த மரம் என்பதற்கே தனிக் கோப்பு வைத்திருந்தது. ஒரு மடக்கு நாற்காலி யாருடையது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பஸ் நிறுத்தத்தில் கேஸ்கின்ஸ் இரண்டடி தள்ளி நின்றான்.

"எனக்கு அது கலைன்னு தோணிடுச்சு, சிஸ்டர்."

"உனக்குமா?" என்றாள் அவள். பஸ்ஸில் நாற்காலியை விரித்து நடைபாதையில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காது அரித்ததென்று அவள் வலது கையைத் தூக்கினாள். அது தோள்பக்கம் போவதற்குள் கேஸ்கின்ஸ் பாதி வழி வந்துவிட்டான். அதன்பின் அவளால் அவன்மேல் கோபமாக இருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மேல்மாடியில் கூட்டம். ஹாலிஸ், ப்ரூயிட், மியூசியத்து வக்கீல், முதுகுப்பட்டையோடு சாப்ரா. வெர்லீன் அஷர் சங்கத் தலைவிக்கான பேட்ஜை மார்பில் குத்திக்கொண்டு போனாள். மேல்மாடி நாற்காலிகளுக்கு மெத்தை இருந்தது. நாற்காலியை வாங்கிக்கொள்கிறோம் என்று வக்கீல் ஆரம்பித்தார். விற்கப்போவதில்லை, வேண்டுமானால் காலவரை இல்லாமல் இரவல் தரலாம் என்றாள் அவள். மேடை வேண்டாம், கயிறு வேண்டாம். பதினான்காம் கூடத்து வாசல் மூலையில் இருக்க வேண்டும். அங்கே பணியில் இருக்கும் காவலர் அதில் உட்கார வேண்டும்.

"உட்கார்ந்தா காவல் இருக்கிற மாதிரித் தெரியாதே," என்றார் ப்ரூயிட், தன் வழக்கப்படி.

வெர்லீன் உள்பையிலிருந்து அவர் எழுதிய காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். கலை நிமித்தமாக. தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது, எதுவரை என்று மட்டும் இல்லை. காவலர் உட்காராத நாற்காலி தன் படைப்பே இல்லை, அப்படி வைத்தால் தன் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள் சாப்ரா. சொல்லிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வக்கீல் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு ப்ரூயிட்டைப் பார்த்தார்.

நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் வெர்லீனின் பெயரைப் போட விரும்புவதாக ஹாலிஸ் சொன்னாள்.

"என் பேரு இருபத்து மூணு வருஷமா இங்கதான் இருக்கு," என்று மார்பில் பித்தளைத் தகடு இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள் வெர்லீன். "அட்டையில எழுதணும்னா அந்தப் பெரிய படத்து அட்டையில எழுதுங்க. பழத்தட்டோட ஒரு பொம்பளை நிக்கிறா, பேரு தெரியலேன்னு ஒரு வரி. நாய்க்கு முன்னாடி."

ஹாலிஸின் முகம் சிவந்துபோயிற்று. அந்த அட்டையை எழுதியவள் அவள்தான். நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அந்த வரி வர நான்கு மாதம் ஆனது, அதற்கும் ஒரு குழு போட்டார்கள். நாற்காலி அடுத்த நாளே வந்துவிட்டது. மற்ற முப்பது காவலர்களும் பதினான்காம் கூடத்தில் முறை கேட்டுக் காத்திருக்கிறார்கள், நின்றுகொண்டுதான். வாரத்தில் இரண்டு நாள் அவர்களுக்கு விட்டுக்கொடுத்து, அன்று அவர்கள் இடத்தில் வெர்லீன் நிற்கிறாள். அவர்களுக்கு எப்போது நாற்காலி வரும் என்று யாருக்கும் தெரியாது.

முதல் சில நாள் வருகிறவர்கள் அவளுக்கு எதிரில் வந்து நின்று கண்ணைப் பார்த்தார்கள். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டாள், கோட்டில் நூல் பிரிந்த இடத்தைப் பார்த்தாள். ஒரு மாதத்தில் அதுவும் நின்றுவிட்டது. மூலையில் ஒரு காவலர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். வெர்லீன் காலை நீட்டி, முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை, முத்துமாலைக் கிழவி மறுபடியும் வந்தாள். பெரிய படத்தைப் பார்த்தாள், அட்டையைப் படித்தாள், நாய் என்ன ஜாதி என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள். பிறகு மூலைப் பக்கம் வந்து, கழிப்பறை எங்கே என்று கேட்டாள்.

வெர்லீன் எழுந்திருக்காமலே கையை நீட்டிக் காட்டினாள்.